ஆஹனுக்கு வந்த அறுகம்புல்

உ

ஆஹன், ஜெர்மனி
2 மார்ச் 2008

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் மூன்று பேரும் இங்கே குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்கள், பத்மா மச்சாள், பிள்ளை நிருபமா மூவரும் சுகமென்று ஒரு வரி கண்டால்தான் எனக்கு ஒழுங்கான நித்திரை வரும்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். உங்கள் மருமகள் கிருசாந்தி போன செவ்வாய்க்கிழமை பெரிய பிள்ளையாகிவிட்டாள். "அம்மா, தயவுசெய்து ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று கெஞ்சினாள். அவளின் தகப்பன், உங்கள் மச்சான் சிவகுருநாதனைத் தெரியும்தானே. பின்னேரத்துக்குள் எசன், டுசல்டோர்ஃப், ஸ்டுட்கார்ட் என்று தமிழ்ச் சனம் இருக்கிற இடமெல்லாம் டெலிபோன் எடுத்துவிட்டார். வீட்டில் தண்ணி வார்த்தாயிற்று. பெரிய சடங்கைப் பிறகு எசனில் மண்டபம் எடுத்துச் செய்யப் போகிறாராம். சிம்மாசனம், கிரீடம், பல்லக்கு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்.

சிம்மாசனம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தை மாதம் முதல் எனக்குப் புது வேலை. ஆஹன் நகரமண்டபத்தில் ஒரு பெரிய கூடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பக்கத்துப் பேராலயத்தில் முடிசூடிய ஜெர்மன் ராசாக்கள் இங்கேதான் வந்து விருந்து உண்டார்களாம். அந்தக் கூடத்தைப் பார்க்க வருகிறவர்களைக் கண்காணிப்பது என் வேலை. நாள் முழுக்க நான் சொல்லும் ஒரே வசனம் "தொடாதேங்கோ" என்பதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் கிரீடமும் செங்கோலும் இருக்கின்றன. எல்லாம் நகல்கள். அசல் வியன்னாவில்.

அண்ணை, எனக்கு ஒன்றுதான் வேண்டும். பாலில் தோய்த்த அறுகைப் பிள்ளையின் தலையில் முதலில் வைக்கிற கை தாய்மாமனுடையது. நீங்கள் வர ஏலாது என்று தெரியும். இவரின் தம்பிமுறையான வாசுதேவனை உங்கள் இடத்தில் நிறுத்தலாம் என்கிறார். நீங்கள் மனதோடு ஓம் என்று சொன்னால்தான் நான் அதற்குச் சம்மதிப்பேன். இல்லையென்றால் சடங்கே வேண்டாம்.

மச்சாளுக்கும் நிருபமாவுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கச்சி
குமுதினி

*

உ

மல்லாவி
6 ஏப்ரல் 2008

அன்புள்ள தங்கச்சி குமுதினிக்கு,

உன் கடிதம் ஐந்து கிழமை அலைந்து கசங்கி வந்து சேர்ந்தது. நாங்கள் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். இந்த நாட்களில் சுகம் என்பதற்கு அதுதான் அர்த்தம்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போதே ஒரு சண்டை. சுழி போடாமல் எழுதத் தொடங்கிவிட்டேனாம். உன் மச்சாள் கடையில் சீனி வாங்கத் துண்டு எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போடுகிற ஆள். எறிகணைக்குப் பயந்து பங்கருக்குள் போகும்போதுகூட வாசலில் விரலால் ஒரு சுழி கீறிவிட்டுத்தான் இறங்குகிறாள். சரி, போட்டுவிட்டேன். மேலே பார்.

மருமகள் பெரிய பிள்ளையான செய்தி வாசித்து நான் அழுதேன் என்று பத்மா ஊரெல்லாம் சொல்கிறாள். அது கண்ணில் புகை. நான் கடைசியாகக் கண்டபோது அவளுக்கு ஆறு வயது. சமாதான காலத்தில் நீங்கள் வந்து நின்ற அந்த மாதம், என் தோளை விட்டு இறங்கவே இல்லை.

வாசுதேவன் நிற்கட்டும். மனதோடு ஓம். ஆனால் ஒன்று. அறுகு என்னுடையதாக இருக்க வேண்டும். பூங்காவில் ஏதோ ஜெர்மன் புல்லைக் கிள்ளி வைத்துப் பிள்ளையை ஏமாற்றாதே. என் காணிப் புல்லை நானே பிடுங்கிக் காயவைத்து உனக்கு அனுப்புவேன். காய்ந்தாலும் அறுகு அறுகுதான். பாலில் போட்டால் உயிர் வரும். நாளைக் குறித்து எழுது.

அந்த ராசாக்களைப் பற்றி இன்னும் எழுது. இரவில் விளக்குக் கொளுத்த ஏலாது. இருட்டில் மகள் நிருபமாவுக்குச் சொல்ல எனக்குக் கதை முடிந்துவிட்டது. சொன்னதையே சொன்னால் அவள் எனக்கு முன்னால் முடிவைச் சொல்லிவிடுகிறாள்.

மச்சானிடம் என் அன்பைச் சொல்லு.

அண்ணை
இராசலிங்கம்

*

உ

ஆஹன்
11 மே 2008

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் ஓம் கிடைத்தது. பத்துத் தரம் வாசித்தேன். இங்கே சுகம். அங்கே வானம் அமைதியாக இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன்.

நாள் வைத்தாயிற்று. நவம்பர் எட்டு, சனிக்கிழமை. எசனில் மண்டபத்துக்கு அதற்கு முதல் டெர்மின் இல்லை, எல்லா நாளும் பதிவாகிவிட்டதாம்.

இனி ராசா கதை. வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. முடிசூட வருகிறவன் முதலில் பீடத்தின் முன்னால் கைகளை விரித்துக் குப்புறப் படுக்க வேண்டும். பிறகு பேராயர் கேள்வி கேட்பார். கைம்பெண்களுக்கும் அனாதைகளுக்கும் நீ காவலாக இருப்பாயா? இருப்பேன். இவனுக்குக் கீழ்ப்படிவீர்களா என்று சனத்தைக் கேட்பார். ஆகட்டும், ஆகட்டும் என்று சனம் சொல்லும். அதன் பிறகு தலை, மார்பு, தோள், கை என்று எண்ணெய் பூசுவார்கள். கிரீடம் அல்ல அண்ணை, அந்த எண்ணெய்தான் ஆளை ராசாவாக்குகிறதாம். எங்கள் பாலறுகு மாதிரித்தான்.

இன்னொன்று. எங்கள் பெட்டியில் பொன்னும் மணியும் பதித்த ஒரு சின்னப் பை இருக்கிறது. முடிசூட்டும்போது அதுவும் இருக்க வேண்டுமாம். உள்ளே என்ன தெரியுமா? மண். கல்லெறிந்து கொல்லப்பட்ட ஒரு புனிதரின் இரத்தம் ஊறிய மண் என்று நம்பினார்கள். இவ்வளவு தங்கத்துக்கு நடுவில் ஒரு பிடி இரத்த மண்.

நிருபமாவுக்கு ஒரு குழந்தை ராசா கதை. ஆயிரம் வருடத்துக்கு முதல், மூன்று வயதுப் பிள்ளையான மூன்றாம் ஓட்டோவை இயேசு பிறந்த நத்தார் நாளில் இங்கே கொண்டுவந்து முடிசூட்டினார்கள். தகப்பன் ரோமில். பாட்டும் விருந்துமாக ஆஹன் அமளிப்பட்டது. அது அடங்க முதல் ஒரு தூதன் வந்தான். தகப்பன் கிட்டத்தட்ட மூன்று கிழமைக்கு முதலே செத்துவிட்டான். எண்ணெய் பூசிய நேரத்தில் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, அது அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. இதைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தூதன் குதிரையில் வந்துகொண்டிருந்த நாட்களை நினைப்பேன்.

மச்சாளிடம் சொல்லுங்கள், சுழியைப் பார்த்தேன். சிரித்தேன்.

குமுதினி

*

உ

மல்லாவி
6 ஜூலை 2008

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். உழவு இயந்திரம் வாசலில் நிற்கிறது. நாங்கள் வெளிக்கிடுகிறோம். எறிகணை சந்திவரைக்கும் வந்துவிட்டது. வட்டக்கச்சியில் பத்மாவின் தூரத்துச் சொந்தத்தின் காணியில் ஒரு மூலை கிடைத்திருக்கிறது. கடிதத்தை அங்கேயுள்ள பள்ளிக்கூடத்து அதிபர் ஞானப்பிரகாசம் மாஸ்டரின் பெயருக்குப் போடு. எனக்குத் தெரிந்த ஆள்.

வீட்டுக் கதவைக் கழற்றி ஏற்றிவிட்டோம். கூரைத் தகடும் ஏற்றிவிட்டோம். காணியை ஏற்ற ஏலாது. முற்றத்து அறுகை இப்போது பிடுங்கினால் கார்த்திகைக்குள் பொடியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். எப்படியும் அனுப்புவேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

உனக்கு எழுதாத ஒன்று. உன் மகளுக்கு ஒரு மாதம் பிந்தி நிருபமாவும் பெரிய பிள்ளையானாள். ஒரு குடம் தண்ணீர் வார்த்தோம். அந்த நேரம் பார்த்துக் கிபிர் விமானம் வந்தது. ஈர உடுப்போடு பங்கருக்குள் இறங்கினாள். அவ்வளவுதான் சடங்கு. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது.

ஆகவே கேள் குமுதினி. என்ன நடந்தாலும் கிருசாந்தியின் சடங்கை நிறுத்தாதே. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளையாவது ஒரு நாள் ராசாத்தி மாதிரிக் கதிரையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் கதிரை என்றாலும் பரவாயில்லை.

கைம்பெண், அனாதை என்று பேராயர் கேட்கிற இடம் நிருபமாவுக்குப் பிடித்திருக்கிறது. என்னைக் குப்புறப் படுக்க வைத்து அவள் பேராயராக நின்று கேட்கிறாள். நான் இருப்பேன், இருப்பேன் என்கிறேன்.

இராசலிங்கம்

*

உ

ஆஹன்
10 ஆகஸ்ட் 2008

அன்புள்ள அண்ணைக்கு,

வட்டக்கச்சியில் எல்லோரும் நலமாகச் சேர்ந்தீர்களா? கூரை போட்டாயிற்றா? நாங்கள் சுகம். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நிருபமாவைப் பற்றி வாசித்துவிட்டு வேலையில் நின்றபடி அழுதேன். ஒரு கிழவி வந்து, ராசாக்களுக்காகவா அழுகிறாய் என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இங்கே வீட்டில் பெரும் யுத்தம். கிருசாந்தி கிரீடம் வைக்க மாட்டாளாம். வகுப்புப் பிள்ளைகள் படத்தைக் கண்டால் சிரிப்பார்களாம். "இது ஆருக்கு அம்மா? எனக்கா, அப்பாவின்ரை ஆக்களுக்கா?" என்று கேட்டாள். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அடுத்த நாள் காலையில், "மாமா அனுப்புற புல்லை வைக்கிறதெண்டால் இருக்கிறன்" என்றாள். ஆகவே அண்ணை, புல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தகப்பன் கெஞ்சியும் நடக்காததை உங்கள் புல் நடத்திவிட்டது.

பேராலயத்தில் இருக்கிற அசல் சிம்மாசனத்தை அவளுக்குக் காட்டினேன். பொன்னும் இல்லை, மணியும் இல்லை. நாலு வெறும் சலவைக்கல் பலகை. எசனில் நாங்கள் எடுத்திருக்கிறதைப் பார்த்தால் அந்த ராசாக்கள் பொறாமைப்படுவார்கள்.

உங்கள் கையெழுத்தில் நாலு வரி உடனே போடுங்கள். செய்திகளைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

குமுதினி

*

வட்டக்கச்சி
14 செப்டம்பர் 2008

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் ஞானப்பிரகாசம் மாஸ்டர் மூலம் கிடைத்தது. நிருபமா சுகம். எனக்கு இடைக்கிடை காய்ச்சல் வந்து போகிறது. நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

இந்த முறை நான் எழுதுகிறேன். அவருக்கு எழுத ஏலாது. நாங்கள் தரப்பாள் கூடாரத்துக்குள் இருக்கிறோம். மழை வந்தால் இந்த இடம் நிற்காது என்கிறார்கள். பக்கத்தில் வாய்க்கால் ஓடுவதால் குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர்க் கரைச்சல் இல்லை. பாம்புக் கரைச்சல் இருக்கிறது. வெளிக்கிட்டு வருகிற சனம் நாளுக்கு நாள் கூடுகிறது.

அவர் சொன்ன அறுகை இத்துடன் வைத்திருக்கிறேன். மல்லாவியில் பிடுங்கியது அல்ல. ஆனாலும் அவருடைய காணியில் பிடுங்கியதுதான். அதை நம்புங்கள். நிழலில் காயவைத்தேன். கவனமாகப் பாலில் போடுங்கள்.

சடங்கை நிறுத்தக் கூடாது என்பது அவருடைய கட்டளை. நானும் அதையே கேட்கிறேன். அந்த நாள் முடியும்வரை வேறொன்றையும் யோசிக்க வேண்டாம்.

கிருசாந்திக்கு மாமியின் முத்தம்.

பத்மா

*

ஆஹன்
12 அக்டோபர் 2008

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதமும் அறுகும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நீங்கள் எழுதியது எல்லாம் விளங்கியது.

காய்ச்சலுக்கு மருந்து கிடைக்கிறதா? கிடைப்பதை நீங்களும் சாப்பிடுங்கள். எல்லாவற்றையும் நிருபமாவுக்கே கொடுத்துவிடாதீர்கள். இரவில் பிள்ளையைத் தரையில் படுக்க விடாதீர்கள். பலகை ஏதும் இருந்தால் போடுங்கள். வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்ததாக அண்ணை எழுதியிருந்தார். அதில் படுக்க வையுங்கள்.

சடங்கு நடக்கும். மாமி நின்று செய்ய வேண்டிய இடத்துக்கு இங்கே எத்தனையோ பேர் போட்டிக்கு நிற்கிறார்கள். ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மேடையில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கும். அது உங்களுடையது. எந்த நிலையில் இருந்தாலும் அது உங்களுடையது.

வேறென்ன எழுத? இங்கே இலை கொட்டத் தொடங்கிவிட்டது. கூடத்துக்கு வருகிற சனம் குறைந்துவிட்டது. தனிய நிற்கிறேன்.

குமுதினி

*

வட்டக்கச்சி
9 நவம்பர் 2008

அன்புள்ள மச்சாளுக்கு,

நானும் நிருபமாவும் இருக்கிறோம்.

நேற்றோடு சடங்கு முடிந்திருக்கும். இனி நான் எழுதலாம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசியுங்கள். பக்கத்தில் ஆரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணை ஆகஸ்ட் இருபத்திரண்டு பின்னேரம் போய்விட்டார். எறிகணையும் இல்லை, கிபிரும் இல்லை. விடியப்புறம் தரப்பாளை இழுத்துக் கட்டப் போன இடத்தில் புடையன் பாம்பு தீண்டியது. ஆஸ்பத்திரியில் அதற்குரிய ஊசி முடிந்துவிட்டது. மத்தியானம்வரை நல்ல நினைவோடு இருந்தார். நிருபமாவைப் பகிடி பண்ணினார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "குமுதினிக்கு இப்ப சொல்லாதை. சொன்னால் அவள் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போடுவாள்" என்றார். அதுதான் அவர் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தை.

எரிக்க விடவில்லை. புகை எழும்பினால் மேலே தெரியும், குண்டு விழும் என்று அக்கம்பக்கத்துச் சனம் கையெடுத்துக் கும்பிட்டது. சைவச் சனத்தில் பிறந்த மனிசனை வாய்க்கால் கரையில் தாட்டோம். கொள்ளி வைக்கவில்லை. சாம்பல் இல்லை. எட்டுச் சடங்கும் அந்தியேட்டியும் இரண்டு வாழைப்பழத்தோடு முடிந்தன.

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. அதனால்தான் போன கடிதத்தில் சுற்றிச் சுற்றி எழுதினேன். என்னை மன்னியுங்கள். உடன்பிறந்தவரின் சாவைக் கேட்டு அழ வேண்டிய நேரத்தில் உங்களைப் பட்டுச் சேலை கட்ட வைத்துவிட்டேன்.

பத்மா

*

ஆஹன்
16 நவம்பர் 2008

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்களிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. வரும் என்று தெரியும். அதில் என்ன இருக்கும் என்றும் தெரியும்.

அண்ணை இல்லை. அப்படித்தானே?

உங்கள் செப்டம்பர் கடிதத்தைப் பிரித்தபோதே விளங்கிவிட்டது. தலையில் சுழி இல்லை. சீனித் துண்டுக்கும் சுழி போடுகிற ஆள், பிள்ளையின் நல்ல காரியத்துக்கு அறுகு அனுப்புகிற கடிதத்தில் போடவில்லை. சாவுத் துடக்கு வீட்டில் இருந்து எழுதுகிறவள்தான் அப்படி எழுதுவாள். உங்களுக்கு உண்மையை எழுதக் கை வரவில்லை, சுழி போடவும் கை வரவில்லை. அந்த வெறும் தலையைப் பார்த்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். இவர் உள்ளே வந்து பூமாலைக்காரருக்கு என்ன நிறம் சொல்வது என்று கேட்டார். மஞ்சள் என்றேன்.

ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் நின்றிருக்கும். துடக்கோடு சடங்கு செய்வது எவ்வளவு பிழை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அண்ணை என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அதோடு, நான் வாய் திறக்காதவரைக்கும் அவர் எங்கேயோ இருந்துகொண்டிருந்தார். அதைக் கைவிட எனக்கு மனமில்லை. அந்தக் குழந்தை ராசாவுக்கு எண்ணெய் பூசியபோது தூதன் வழியில் இருந்தான். என்னுடைய தூதன் வந்து சேர்ந்துவிட்டான். நான் அவனை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

எல்லாம் நடந்தது. பல்லக்கு, புகை இயந்திரம், முந்நூறு பேர். வாசுதேவன் தேங்காய் உடைத்தார். உங்கள் அறுகு பாலில் ஊறி, ஓரங்களில் பச்சை பிடித்திருந்தது. அவர் அதைக் கிருசாந்தியின் தலையில் வைத்தபோது நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். சனம் நான் மகளைப் பார்த்துப் பூரிக்கிறேன் என்று நினைத்தது. தண்ணீர் வார்த்து, உடுப்பு மாற்றி, கிரீடம் வைத்து, கதிரையில் இருத்திய பிறகும் ஒரு புல் மயிரோடு ஒட்டிக்கொண்டு கிரீடத்துக்கு வெளியே நீட்டி நின்றது. படத்துக்கு வடிவில்லை, எடுத்துவிடுங்கோ என்றார் வீடியோக்காரர். கிருசாந்தி அவருடைய கையைத் தள்ளிவிட்டாள். அந்தப் புல்லோடுதான் எல்லாப் படத்திலும் இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து பட்டுச் சேலையை அவிழ்த்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இன்றுவரைக்கும் இவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். அண்ணை எப்படிப் போனார்? வலித்ததா? எழுதுங்கள்.

குமுதினி

*

வட்டக்கச்சி
14 டிசம்பர் 2008

அன்புள்ள மச்சாளுக்கு,

நானும் நிருபமாவும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் இரண்டு கடிதங்களும் சேர்ந்து கிடைத்தன. நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் என் நவம்பர் கடிதத்தில் இருக்கிறது. அது இதற்குள் வந்திருக்கும். வலித்தது. ஆனால் கத்தவில்லை.

அக்டோபரில் நீங்கள் எழுதியதைத்தான் முதலில் பிரித்தேன், அதிலும் தலை வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றுதான் நான் முதல் தரம் சத்தம் போட்டு அழுதேன். ஒருத்தி என்னோடு சேர்ந்து சுமக்கிறாள் என்ற தைரியத்தில் அழுதேன்.

ஒன்றை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. அது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. நாளைக்கோ மறுநாளோ இங்கேயிருந்தும் வெளிக்கிட வேண்டும். அதற்கு முதல் சொல்லிவிடுகிறேன்.

அந்த அறுகை அவர் பிடுங்கவில்லை. நான்தான் பிடுங்கினேன். அவரைத் தாட்ட அன்று, மழையில் மண் கரையாமல் இருக்க வாய்க்கால் கரைப் புல்லை அப்படியே பாளம் பாளமாக வெட்டி மேலே மூடினார்கள். கசிவு ஈரத்தில் இரண்டு கிழமைக்குள் பச்சையாகப் பிடித்துவிட்டது. அதிலிருந்துதான் பிடுங்கினேன். தன் காணிப் புல் என்று சொல்லியிருந்தார். மல்லாவி போய்விட்டது. இந்த உலகத்தில் அவருக்கென்று மிஞ்சிய காணி அதுதான், மச்சாள்.

சவக்குழிப் புல்லை ஒரு பச்சைப் பிள்ளையின் தலையில் வைக்க அனுப்பினேன். எந்தத் தாயும் மன்னிக்க மாட்டாள். பிடுங்கும்போது எனக்கு நீங்கள் எழுதிய அந்தப் பொன் பைதான் நினைவில் இருந்தது. செத்தவரின் இரத்த மண் இல்லாமல் அங்கே ராசா இல்லை என்று அவர் நிருபமாவுக்கு எத்தனை இரவு சொல்லியிருப்பார். அதை நினைத்து என்னைச் சமாதானப்படுத்தினேன். இப்போது அந்தச் சமாதானம் நிற்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே? அதை மட்டும் எழுதுங்கள்.

பத்மா

*

உ

ஆஹன்
11 ஜனவரி 2009

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்களும் நிருபமாவும் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். தபாற்கந்தோரில் முகவரியைப் பார்த்துவிட்டு, போகும் என்று சொல்ல ஏலாது என்றார்கள். பரவாயில்லை, முத்திரை ஒட்டுங்கள் என்றேன்.

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பிந்தியதை வாசித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உங்கள்மேல் கோபமாக இருந்தேன். மறைக்க மாட்டேன். வேலையில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். ஆயிரம் வருடமாக ஒரு பிடி இரத்த மண்ணுக்கு இவர்கள் பொன்னிலே பை செய்திருக்கிறார்கள். பொன் செய்ய வழியில்லாதவள் பழைய தாளில் சுற்றி அனுப்பினாள். அவ்வளவுதான் வித்தியாசம். கோபம் போய்விட்டது.

இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் சாப்பாட்டைத் தனியே போட்டுச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் சடங்கு அல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்திலும் அந்தப் புல்லைத் தேடித் தேடிப் பார்த்தார்.

பிறகு கிருசாந்தியை இருத்திச் சொன்னேன். மாமா செத்ததைச் சொன்னேன். புல் எங்கே முளைத்தது என்பதையும் சொன்னேன். அவள் பயப்படுவாள், அருவருப்பாள், என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். நெடுநேரம் தன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப மாமா வந்தவர்தானே, அம்மா?"

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, மச்சாள். இதுதான் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

மேடையில் வெறுமையாக வைத்த கதிரையை நான் மறக்கவில்லை. நிருபமாவுக்கு இன்னும் சடங்கு செய்யவில்லை. அவளை உயிரோடு கொண்டுவந்து சேருங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தின் தலையில் சுழி போட்டிருக்கிறேன். உங்கள் பதிலில் வேறொன்றும் வேண்டாம். எழுத நேரமில்லையென்றால் ஒரு தாளில் சுழியை மட்டும் போட்டு அனுப்புங்கள்.

குமுதினி